ஆங்கிலத்துக்கு ஓர் ஆட்சிமொழிக் கட்டளை வேண்டுமா?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் முழு வடிவம்)



ஆங்கிலம் பேசும் மக்கள் மிகுதியாக வாழும் நாடு எது என்று கேட்டால், பள்ளிச் சிறுவனும் அமெரிக்க ஐக்கிய நாடு என்று விடை பகர்வான். அந்நாட்டின் ஜனாதிபதி டொனால்ட் டிரம்ப், 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி ஒரு நிறைவேற்றுக் கட்டளையிற் கைச்சாத்திட்டார். ஆங்கிலமே அமெரிக்காவின் ஆட்சிமொழி என்பது அக்கட்டளையின் சாரம். 1776ஆம் ஆண்டிற் சுதந்திரம் பிரகடனஞ் செய்த நாடு அது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு காலம் ஆட்சிமொழி என்று ஒன்றை வகுக்காமலே வாழ்ந்து, உலகப் பெருவல்லரசாகவும் வளர்ந்துவிட்ட பின்னர், இப்படியொரு கட்டளை ஏன் பிறந்தது? அது நன்மை பயக்குமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

“அமெரிக்கன் எந்த மொழியில் ஆண்டால் நமக்கென்ன? நம் குளத்துக்குத் தண்ணீர் வருமா?” என்று பின்வரிசையில் இருப்போர் சிலர் எண்ணக்கூடும். நமக்கும் இதிற் பங்குண்டு. ஒரு நாட்டில் ஒரு மொழியைச் சட்டத்தால் உயர்த்தினால் என்ன விளையும் என்பதை ஏட்டிற் படித்து அறிந்தவர்கள் பலர். உடலிற் பட்டு அறிந்தவர்கள் நாம். பட்டறிந்தவன் சொல்லும் சாட்சிக்கு ஒரு பெறுமதி உண்டு. அதுவுமன்றி, நம் பிள்ளைகள் பலர் இன்று அந்த நாட்டிலே குடியேறி வாழ்கின்றனர். அவர்களைப் பார்க்கச் செல்லும் முதிய தாய் தந்தையர், அங்குள்ள வைத்தியசாலையிலும் அரசாங்கக் கந்தோரிலும் எந்த மொழியிற் பேசப்போகின்றனர்?

முதலில், அக்கட்டளை சொல்வதையும் சொல்லாததையும் நேர்மையோடு எடுத்துரைப்போம். எதிராளியின் வாதத்தைத் திரித்துக் கூறி வெல்வது வெற்றியன்று. ஜனாதிபதியின் கட்டளை காங்கிரஸ் இயற்றிய சட்டமன்று; அடுத்து வரும் ஜனாதிபதி ஒரு கையெழுத்தால் அதனை நீக்கலாம். பிற மொழிகளில் வழங்கும் சேவைகளை நிறுத்தியே ஆகவேண்டும் என்றும் அது கூறவில்லை. அதனை அந்தந்தத் திணைக்களத் தலைவரின் முடிவுக்கு விட்டது. ஆனால், ஆங்கிலம் போதிய அளவு அறியாதோருக்கு அரசாங்கச் சேவைகள் எட்டுமாறு வழி செய்யவேண்டும் என்று ஜனாதிபதி கிளின்டன் 2000ஆம் ஆண்டில் விடுத்த கட்டளையை அது இரத்துச் செய்தது. கடமை போயிற்று, கருணை மட்டும் எஞ்சியது. அதே ஆண்டு யூலை மாதத்தில் நீதித் திணைக்களம், இன்றியமையாதன அல்லாத பன்மொழிச் சேவைகளைக் குறைக்குமாறு பிற திணைக்களங்களுக்கு வழிகாட்டியது. கட்டாயம் இல்லை என்று தொடங்கிய இடத்திலிருந்து, குறையுங்கள் என்று சொல்லும் இடத்துக்கு வர ஐந்து மாதம்கூடச் செல்லவில்லை.

அமெரிக்காவின் முன்னோர் இது பற்றி என்ன நினைத்தனர்? 1776ஆம் ஆண்டு யூலையிற் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியபோது, அச்செய்தியை முதன்முதல் அச்சிட்டு வெளியிட்டது பிலடெல்பியாவில் வெளிவந்த ஒரு ஜேர்மன் மொழிப் பத்திரிகை. போராட்ட காலத்தில் அவர்களுடைய காங்கிரஸ் தன் அறிக்கைகளை ஜேர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் அச்சிட்டு வழங்கியது. துப்பாக்கி ஏந்த வருபவனிடம் “உனக்கு ஆங்கிலம் தெரியுமா?” என்று அவர்கள் கேட்கவில்லை. 1780ஆம் ஆண்டில் ஜோன் அடம்ஸ், ஆங்கிலத்தைச் சீர்திருத்திப் பேணுதற்கு ஒரு கழகம் அமைக்கவேண்டும் என்று காங்கிரசுக்கு எழுதினார். காங்கிரஸ் அதனை ஏற்கவில்லை. 1787ஆம் ஆண்டில் வரைந்த அரசியலமைப்பிலும் ஆட்சிமொழி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இங்கே ஒரு கட்டுக்கதையை விலக்கிவிடவேண்டும். ஒரே ஒரு வாக்கினால் ஜேர்மன் மொழி அமெரிக்காவின் ஆட்சிமொழியாகாமற் போயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. நடந்தது வேறு. வேர்ஜீனியாவில் வாழ்ந்த ஜேர்மன் மக்கள், சட்டங்களைத் தம் மொழியிலும் அச்சிட்டுத் தருமாறு மனுச் செய்தனர். 1795ஆம் ஆண்டில் அது பற்றிய விவாதத்தை ஒத்திவைக்கும் பிரேரணை 41க்கு 42 என்ற கணக்கில் தோற்றது. அவ்வளவுதான். அம்மக்கள் கேட்டது அரியணையன்று. தாம் கீழ்ப்படியவேண்டிய சட்டத்தை வாசித்து விளங்கும் வசதி மட்டுமே. சட்டத்தைத் தெரியாது என்பது குற்றத்துக்குச் சாட்டாகாது என்று சொல்லும் அரசு, சட்டத்தைத் தெரிவிக்கும் கடமையைத் தட்டிக்கழிக்கலாமா?

இனி, ஆங்கிலத்தின் தாயகமாகிய இங்கிலாந்துக்குச் செல்வோம். ஒரு காலத்தில் அந்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்துக்கு இடமிருக்கவில்லை என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நோர்மானியர் அந்நாட்டை வென்றபின், வழக்குரைக்கும் மொழியாகப் பிரெஞ்சு வழங்கியது. நிலத்தை உழுத ஆங்கிலக் கமக்காரன், தன் நிலத்தைப் பற்றிய வழக்கிலே தனக்குச் சார்பாகவோ எதிராகவோ என்ன பேசுகின்றனர் என்பதை அறியாது நின்றான். 1362ஆம் ஆண்டில், மூன்றாம் எட்வேட் மன்னன் காலத்தில், வழக்குகளை ஆங்கிலத்தில் உரைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் பிறந்தது. பிரெஞ்சு மொழி மக்களுக்கு விளங்கவில்லை என்பதே அச்சட்டம் கூறிய காரணம். அச்சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது என்பது வேடிக்கை.

பெரியோர்களே, இந்த 1362ஆம் ஆண்டுச் சட்டத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மொழிச் சட்டங்களை அளக்கும் கோல் இதுவே. அச்சட்டம் மன்றத்தில் நின்ற மனிதனைப் பார்த்தது. அவன் அறிந்த மொழியை மன்றத்துக்குள் அழைத்து வந்தது. அது கதவைத் திறந்த சட்டம். எந்த மொழிச் சட்டத்தைக் கண்டாலும் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. இது கதவைத் திறக்கிறதா, அடைக்கிறதா? ஆங்கிலம் தான் தாழ்ந்திருந்த காலத்திற் கேட்ட அதே நியாயத்தை, தான் உயர்ந்திருக்கும் காலத்திற் பிறர்க்கு மறுக்கலாமா?

அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றில் இரண்டு வகைச் சட்டங்களையும் காணலாம். மெக்சிக்கோவிடமிருந்து கலிபோர்ணியா அமெரிக்கர் கைக்கு வந்த பின்னர், 1849ஆம் ஆண்டில் வகுத்த அம்மாநில அரசியலமைப்பு, சட்டங்கள் யாவும் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் வெளியாகவேண்டும் என்று விதித்தது. முப்பது ஆண்டுகள் சென்றன. பொன் தேடி வந்தோர் தொகை பெருகியது. 1879ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு ஸ்பானிய மொழியை நீக்கிவிட்டது. அங்கே முன்னரே வாழ்ந்த மக்கள் எங்கும் பெயர்ந்து செல்லவில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அரசாங்கந்தான் அவர்களை விட்டுப் பெயர்ந்து சென்றது.

முதலாம் உலகப் போரின்போது வெறுப்பு ஜேர்மன் மொழிமேற் பாய்ந்தது. 1918ஆம் ஆண்டில் அயோவா மாநில ஆளுநர், பொது இடங்களிலும் தொலைபேசியிலுங்கூட ஆங்கிலந் தவிர்ந்த மொழியைப் பேசலாகாது என்று பிரகடனஞ் செய்தார். நெப்ராஸ்கா மாநிலம் 1919ஆம் ஆண்டில், எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகளுக்கு அந்நிய மொழி கற்பித்தலைத் தடுத்து ஒரு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு மெயர் என்ற ஆசிரியர், பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜேர்மன் மொழியில் வேதாகமக் கதை வாசிக்கக் கற்பித்தார். அதற்காக அவருக்கு 25 டொலர் அபராதம் விதித்தனர். வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. 1923ஆம் ஆண்டில் அம்மன்றம் அச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. பிற மொழி பேசும் மக்களுக்கும் அரசியலமைப்பின் காப்பு உண்டு என்பது அத்தீர்ப்பின் உட்கிடை.

இவர்களெல்லாம் வந்து குடியேறியவர்கள். வந்த நாட்டின் மொழியைக் கற்பதுதானே முறை என்பர். அப்படியாயின், யாரும் வருமுன்னரே அங்கிருந்த மக்களின் கதி என்ன? 1887ஆம் ஆண்டில், சுதேச இந்தியக் குடிகளின் அலுவல்களுக்குப் பொறுப்பான ஆணையாளர், அவர்களுடைய பாடசாலைகளில் ஆங்கிலம் ஒன்றே வழங்கவேண்டும் என்று பணித்தார். பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளிற் சேர்த்த பிள்ளைகள், தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்றனர். அவ்வாறு அடக்கி ஒடுக்கிய மொழிகளுள் நவஹோ மொழியும் ஒன்று. 1942ஆம் ஆண்டில் யப்பானியரோடு போர் மூண்டிருந்தபோது, பகைவர் அறியாவண்ணம் செய்தி அனுப்ப ஓர் இரகசிய மொழி தேவைப்பட்டது. அப்பொழுது நவஹோ இளைஞர் 29 பேரை அழைத்துத் தம் மொழியைக்கொண்டே ஓர் இரகசியக் குறியீட்டை ஆக்கச் செய்தனர். போர்க்களத்தில் அக்குறியீட்டை யப்பானியரால் உடைக்க முடியவில்லை. அந்த 29 பேருக்கும் 2001ஆம் ஆண்டில் காங்கிரஸ் தங்கப் பதக்கம் வழங்கியது. பதக்கம் பெற உயிரோடிருந்தோர் சிலரே. வகுப்பறையிற் குற்றமாயிருந்த மொழி, போர்க்களத்திற் கவசமாயிற்று. இதைவிடத் தெளிவான பாடத்தை எந்த ஆசிரியர் கற்பிக்க வல்லார்?

ஹவாய்த் தீவுகளின் கதையும் இத்தகையதே. 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தைப் பாடசாலைகளின் போதனாமொழியாக்கியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஹவாய் மொழி அழிவின் விளிம்புக்கு வந்தது. 1978ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஹவாய் மொழியையும் ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக்கியது. பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பிக்கும் பள்ளிகளும் பின்னர் எழுந்தன. அடைத்த கதவைத் திறக்க ஏறத்தாழ எண்பது ஆண்டு சென்றது. திறந்தபோது உள்ளே நுழைய எஞ்சியிருந்தோர் மிகச் சிலர்.

இனி, ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்போர் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம். அவை யாவும் வெறுப்பிற் பிறந்தவை என்று நாம் கூறமாட்டோம். இக்கருத்தை 1981ஆம் ஆண்டில் அரசியலமைப்புத் திருத்தமாகக் கொண்டுவந்த செனற்றர் ஹயக்காவா, கனடாவிற் பிறந்த யப்பானிய வழியினர். மொழியியல் கற்ற அறிஞர். முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் தத்தம் அளவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கியும் உள்ளன. ஆகவே வாதத்துக்கு வாதத்தாலேயே விடையிறுப்போம்.

ஒரு நாட்டுக்கு ஒரு பொதுமொழி வேண்டும் என்பது முதல் நியாயம். உண்மையே. ஆனால் அமெரிக்காவில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து பேரில் ஏறத்தாழ நால்வர் வீட்டில் ஆங்கிலமே பேசுகின்றனர். 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி வீட்டில் வேறு மொழி பேசுவோர் 6 கோடியே 78 இலட்சம் பேர்; அவர்களிலும் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் ஆங்கிலம் மிக நன்றாகப் பேச வல்லவர்கள். பாய்ந்துகொண்டிருக்கும் வாய்க்காலைப் பார்த்து “நீ பாயக் கடவாய்” என்று கட்டளையிடுவார் உண்டோ? அப்படியொரு கட்டளை பிறந்தால், அடுத்த வாய்க்காலின் துருசை யாரோ மூடப்போகின்றனர் என்பதை நம் கமக்காரர் உடனே விளங்கிக்கொள்வர்.

சட்டம் வந்தால் மக்கள் ஆங்கிலம் கற்பார்கள் என்பது இரண்டாவது நியாயம். குடியுரிமை பெற விரும்புவோர் ஆங்கிலம் பேசவேண்டும் என்ற விதி 1906ஆம் ஆண்டிலிருந்தே அங்கு உண்டு. நீண்ட காலம் வாழ்ந்த முதியோருக்கு மாத்திரம் அதில் விலக்களித்துள்ளனர். அன்றியும், ஆங்கிலம் தெரிந்தால் கூலி உயரும், வேலை கிடைக்கும் என்பதை அறியாத குடியேறி யார்? கற்கும் ஆவல் குறைவன்று. கற்பிக்கும் இடமும் நேரமும் குறைவு. பகல் முழுதும் உழைத்துவிட்டு வரும் தாய்க்கு மாலை வகுப்பும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். கட்டளைத் தாள் அவ்விரண்டில் எதையும் தரமாட்டாது. 1974ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரச் சீனப் பிள்ளைகளின் வழக்கில் உயர் நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. ஆங்கிலம் அறியாத பிள்ளைக்கு அதே மேசை, அதே புத்தகம், அதே ஆசிரியரைக் கொடுத்துவிட்டுச் சமத்துவம் வழங்கிவிட்டோம் என்பது பொருந்தாது என்று நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்த்தனர்.

மொழிபெயர்ப்புக்குச் செலவு மிகுதி என்பது மூன்றாவது நியாயம். செலவு உண்டு. ஆனால் விளங்காமையின் செலவை யார் கணக்கிட்டனர்? 1980ஆம் ஆண்டில், புளோரிடா மாநிலத்தில், பதினெட்டு வயது இளைஞன் ஒருவனை நினைவிழந்த நிலையில் வைத்தியசாலைக்குக் கொணர்ந்தனர். குடும்பத்தார் ஸ்பானிய மொழியில் “இன்டொக்சிகாடோ” என்றனர். உண்டது ஒவ்வாமற் போயிற்று என்பது அவர்கள் கருத்து. அச்சொல்லை ஒத்த ஆங்கிலச் சொல்லை எண்ணிய வைத்தியர்கள், போதைப்பொருள் மிகையாக உட்கொண்டவன் என்று கருதிச் சிகிச்சை செய்தனர். உண்மையில் அவன் மூளையிற் குருதி கசிந்துகொண்டிருந்தது. கையும் காலும் செயலிழந்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. பின்னர் எழுந்த வழக்கில் அவன் வாழ்நாள் முழுதுக்குமாக ஏறத்தாழ 7 கோடியே 10 இலட்சம் டொலர் இழப்பீடு கொடுக்க இணங்கினர். மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு அரைமணி நேரக் கூலி எவ்வளவு? அதைச் சேமித்ததனால் வந்த செலவு எவ்வளவு?

அதே 1980ஆம் ஆண்டில், அதே புளோரிடாவில், மயாமி நகரம் அமைந்த டேட் மாவட்டத்தில் வேறொன்றும் நிகழ்ந்தது. கியூபாவிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் மக்கள் சில மாதங்களுள் வந்திறங்கினர். மனங்கொதித்த வாக்காளர், ஆங்கிலந் தவிர்ந்த எந்த மொழியிலும் மாவட்டப் பணத்தைச் செலவிடலாகாது என்று வாக்களித்து ஒரு விதியை நிறைவேற்றினர். விளைவு யாது? 1984ஆம் ஆண்டில் வைத்தியத்துக்கும் அவசர சேவைக்கும் விலக்களிக்க வேண்டியதாயிற்று. 1993ஆம் ஆண்டில் முழு விதியையும் நீக்கிவிட்டனர். ஆங்கிலம் அதனால் வளர்ந்ததுமில்லை, நீக்கியபின் தேய்ந்ததுமில்லை. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள் வரி கொடுத்த மக்கள் தம் சொந்த மாவட்டக் கந்தோரில் அந்நியராய் நின்றனர்.

ஆனால், மொழி பற்றிய ஒவ்வொரு நிபந்தனையும் அநீதி என்று நாம் வாதிடவில்லை. லொறிச் சாரதி வீதிப் பலகையை வாசிக்கவும் பொலிஸ் உத்தியோகத்தரோடு பேசவும் போதிய ஆங்கிலம் அறிந்திருக்கவேண்டும் என்ற விதி அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. 2025ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஜனாதிபதி அதனைக் கடுமையாக நடைமுறைப்படுத்தப் பணித்தார். யூன் மாதத்திலிருந்து தேறாதோரை வீதியிலேயே வேலையிலிருந்து நிறுத்துகின்றனர். வீதியிற் செல்வோர் உயிருக்குக் காப்பு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. தொழிலுக்குத் தேவையான மொழியைத் தொழிலாளியிடம் கேட்பது ஒன்று. அரசாங்கத்தை அணுகும் குடிமகனிடம் அதனைக் கேட்பது வேறொன்று. தொழிலாளி தொழிலுக்குத் தகுதி காட்டவேண்டும். குடிமகன் தன் அரசாங்கத்துக்குத் தகுதி காட்டவேண்டியதில்லை. அரசாங்கமே அவனுக்குத் தகுதி காட்டவேண்டும்.

வாக்குரிமையிலும் இவ்வாறே. நியூ யோர்க் மாநிலத்தில் ஆங்கில எழுத்தறிவுப் பரீட்சையிற் தேறாதோர் வாக்களிக்க முடியாதிருந்தது. புவேட்டோ ரிக்கோத் தீவினர் 1917ஆம் ஆண்டிலிருந்தே அமெரிக்கக் குடிகள். அவர்கள் கற்றதோ ஸ்பானிய மொழியில். 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அவர்களுக்கு வழி திறந்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தம், ஆங்கிலம் போதாத மொழிச் சிறுபான்மையோர் போதிய தொகையினராய் வாழும் மாவட்டங்களில் அவர்கள் மொழியிலும் வாக்குச்சீட்டு வேண்டும் என்றது. நியூ யோர்க்கின் குவீன்ஸ் பகுதியில் வங்காள மொழியிலும் வாக்குச்சீட்டு அச்சிடுகின்றனர். இதனால் அமெரிக்கா உடைந்துவிட்டதா? வாக்களிக்கும் உரிமை பெற்றவன் நாட்டைத் தன்னுடையது என்கிறான். உரிமை இழந்தவனே அதனைப் பிறருடையது என்கிறான்.

இனி, நம் சாட்சியைச் சொல்வோம். ஆங்கிலம் ஆட்சிமொழியாய் இருந்த நாடுதான் நம்முடையதும். வெள்ளையர் ஆட்சியில், நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானோர் அறிந்த மொழியிலே கச்சேரியும் நீதிமன்றமும் நடந்தன. கமக்காரர் தம் காணி வழக்கிலே தாம் பேசவேண்டியதைப் பிரக்கிராசியார் வாயிலாகக் கேட்டு, மனு எழுதிக் கொடுப்பவர் கையைப் பார்த்து நின்றார். 1362ஆம் ஆண்டுக்கு முந்திய இங்கிலாந்துக் கமக்காரன் நின்ற அதே நிலை. அந்தப் பூட்டைத் திறக்கவே 1944ஆம் ஆண்டில் அரசாங்க சபை, சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாகவேண்டும் என்று தீர்மானித்தது. அது கதவைத் திறக்கும் தீர்மானம்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், 1956ஆம் ஆண்டு யூன் மாதம் 15ஆந் திகதி, பிரதிநிதிகள் சபை சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்ற சட்டத்தை நிறைவேற்றியது. மிகச் சிறிய சட்டம். ஆங்கிலப் பூட்டைக் கழற்றிவிட்டு, நாட்டின் ஒரு பகுதியாருக்கு வேறொரு பூட்டை அது மாட்டியது. எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் வழக்கை நம்மில் முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். 1952ஆம் ஆண்டில் அரசாங்க சேவையிற் சேர்ந்த அவர், 1961ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் விதித்த சிங்களப் பரீட்சையை எழுத மறுத்தமையால் சம்பளவேற்றத்தை இழந்தார். 1964ஆம் ஆண்டில் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969ஆம் ஆண்டில் இலண்டன் கோமறைக் கழகம், அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்குத் தொடுக்கலாம் என்று கூறி வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆட்சிமொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவேயில்லை. ஒரு மனிதனின் ஒரு சம்பளவேற்றத்துக்கு எத்தனை ஆண்டு, எத்தனை மன்றம்!

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஆட்சிமொழியாகும் என்றது. மூன்று தசாப்தமும் எண்ணற்ற உயிர்களும் கழிந்தபின் வந்த சொல் அது. ஆயினும், தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் மறுமொழி வருவது இன்னும் நின்றபாடில்லை. இதிலிருந்து நாம் கற்றவை இரண்டு. கதவை அடைக்க ஒரு வரிச் சட்டம் போதும். திறப்பதற்கோ சட்டம் மட்டும் போதாது. மொழிபெயர்ப்பாளரும், தட்டச்சும், படிவமும், மனமுள்ள உத்தியோகத்தரும் வேண்டும்.

ஆகவே, அமெரிக்கா ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்குதல் தகுமா என்ற வினாவுக்கு நம் விடை, தகாது என்பதே. ஆங்கிலம் வேண்டாம் என்பது அதன் பொருளன்று. ஆங்கிலத்தைப் பரப்ப விரும்பும் அரசு மாலை வகுப்புகளைத் திறக்கட்டும்; ஆசிரியர்களை நியமிக்கட்டும்; கற்போருக்கு நேரமும் துணையும் அளிக்கட்டும். அதே வேளையில் வைத்தியசாலையிலும், நீதிமன்றத்திலும், வாக்குச் சாவடியிலும் மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதை மீண்டும் கடமையாக்கட்டும். ஜனாதிபதியின் கையெழுத்தால் வந்து கையெழுத்தாற் போகும் கருணையாக அன்றி, காங்கிரஸ் இயற்றும் சட்டத்தால் வரும் உரிமையாக அஃது அமையவேண்டும்.

இறுதியாக, நமக்கு நாமே சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. இச்சபையிலே வைத்தியர்களும், சட்டத்தரணிகளும், பொறியியலாளரும், கணக்காளரும் இருக்கிறீர்கள். ஆங்கிலம் ஆண்ட காலத்தில் அதனாற் பயன்பெற்றோர் நம் முன்னோரே. கமக்காரர் வெளியே நின்றபோது, உள்ளே மேசையில் இருந்தவருட் பலர் தமிழரே. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் அமெரிக்காவுக்குப் புத்தி சொல்ல நமக்கு அருகதையில்லை. இன்றும் நம் வைத்தியர் எழுதும் குறிப்பு நோயாளிக்கு விளங்குகிறதா? நம் சட்டத்தரணி வரையும் உறுதி காணிக்காரருக்கு விளங்குகிறதா? வங்கிக் கடன் பத்திரத்திற் கைந்நாட்டு வைப்பவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாராவது தமிழிற் சொல்லிக் கொடுக்கிறோமா?

இவ்வூர் வாசிகசாலையில் மாதம் ஒரு மாலை, கற்றோர் இருவர் வந்தமர்ந்து, கமக்காரர் கொண்டுவரும் கடிதங்களையும் படிவங்களையும் வாசித்து விளக்கட்டும் என்று நாம் இன்று முன்மொழிகிறோம். அதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. முதலாவது மாலைக்கு நாமே வந்து அமர்வோம். இரண்டாவது ஆள் யார் என்பதை இச்சபை கலையுமுன் தீர்மானித்துவிடுங்கள்.